கரண்ட் ஓடாத காந்தம்

அன்புள்ள கயல்,

கம்ப்யூட்டர் நினைவகம் பற்றி நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் ஒரு கேள்வி இருக்கிறது. போனில் கேட்டால் "லேபில் இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்கு உங்கள் கவலை சட்டென்று பிடிபடுகிறது. கரண்ட் இரட்டித்தால் கம்பியில் சூடு நாலு மடங்கு. எம்ராம் என்பது காந்தத் துணுக்கின் திசையைப் பூஜ்யம் அல்லது ஒன்றாக வைத்துக்கொள்ளும் நினைவகம். இப்போது விற்பனையில் உள்ளவை அந்தத் திசையைப் புரட்டக் கரண்டைத்தான் நம்பியிருக்கின்றன. நீங்கள் வோல்டேஜை வைத்தே புரட்டப் பார்க்கிறீர்கள். ஓரிரு நானோமீட்டர் கனத்தில் மக்னீசியம் ஆக்சைடு. அது இன்சுலேட்டர், கரண்ட் கசிவது சொற்பம். ஆனால் அதை ஒட்டிய இரும்பு அணுக்களில் எலக்ட்ரான்கள் இடம் மாறி அமர, காந்தத்தை நிமிர்த்திப் பிடித்திருந்த பிடி தளர்கிறது.

நீ இருக்கும் ஜப்பானின் செண்டாய் நகரிலேயே 2000இல் ஓனோ என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு குறைக்கடத்தியின் காந்தத்தன்மையை வோல்டேஜால் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் கடுங்குளிரில்தான் அது நடந்தது. 2009இல் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில அணு அடுக்கு இரும்பிலேயே, சாதாரண அறை வெப்பத்தில், அந்தப் பிடியை சுமார் 40 சதவீதம் மாற்றினார்கள். எனக்கு இதுதான் பெரிய சங்கதி. இரும்புக்குள் மின்புலம் நுழையாது என்றுதானே நாங்கள் படித்தோம்! மேல்தோல் அணுக்களோடு நின்றுவிடுகிறது. இரும்பே அவ்வளவு மெல்லிசாக இருந்தால் அதுவே போதும் போலிருக்கிறது.

பிடி தளர்ந்ததும் காந்தம் பக்கவாட்டுக் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரமாய்ச் சுழல்கிறது. அரைச் சுற்றில் வோல்டேஜை நிறுத்தினால் திசை மாறியிருக்கும். முழுச் சுற்று போய்விட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். அந்த அரைச் சுற்றுக்கு ஒரு நானோ விநாடிகூட ஆகாதாமே! எங்கள் பிரேக்கர் மூன்று சைக்கிளில், அதாவது 60 மில்லி விநாடியில், திறந்தாலே வேகம் என்போம்.

இப்போது கேள்வி. பூஜ்யத்தை ஒன்றாக்குவதும் ஒன்றைப் பூஜ்யமாக்குவதும் ஒரே வோல்டேஜ் துடிப்புதான் என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் படித்துப் பார்த்துத்தானே எழுத முடியும்? படிக்க ஆகும் மின்சாரத்தையும், துணுக்குகளை இணைக்கும் வரிசைக் கம்பிகளை சார்ஜ் செய்ய ஆகும் மின்சாரத்தையும் உன் ஃபெம்டோஜூல் (மிகமிகச் சிறிய ஆற்றல் அளவு) கணக்கில் சேர்த்திருக்கிறாயா? சுருக்கத்தில் துணுக்கின் செலவு மட்டும்தான் கண்ணில் பட்டது. லைன் லாஸ், அதாவது கம்பியில் வீணாகும் மின்சாரம், சேர்க்காத கணக்கை என்னிடம் யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், அது உனக்கே தெரியும்.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பதிலை எண்களோடு எழுது.

அப்பா