படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்

அப்புத்தளை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு. அடுத்த லயத்து வீட்டுப் பையன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் தேயிலைத் தூள் பக்கெட் இரண்டையும் கொடுத்து விடுகிறேன்.

நீ மருமகளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அவள் எனக்கும் போட்டுக் காட்டினாள். ஸ்கூலில் ஆறாம் வகுப்புப் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி, நம்ம சனத்தைப் பெருகவிடாமல் செய்ய அரசாங்கம் போடும் திட்டம், சின்னவளுக்குப் போட விடாதே என்கிறாய். அவள் பயந்து போய் சம்மதத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

அரசாங்கத்தைச் சந்தேகப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் சட்டம் போட்டு மலையகத் தமிழர் நம்மை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964இல் டெல்லியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். உன் தாத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெரியண்ணன் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ரயிலில், அந்த அழுகைக் கோச்சியில், ஏறின அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயசு. அண்ணி ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். உன் தங்கச்சி பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். 500 ரூபாய் கொடுத்தார்கள். இனிப் பிள்ளை பிறக்காது என்பது லயத்துக்கு வந்த பிறகு அடுத்த காம்பராக்காரி சொல்லித்தான் தெரியும். இன்னும் ஒரு பிள்ளை வேண்டும் என்று உங்கப்பாவுக்கு ஆசை இருந்தது. அதனால் உன் வாய்ஸைக் கேட்டதும் முதலில் என் வயிறுதான் கலங்கியது.

ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தேன். நம் குடியுரிமை போனது சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒப்பந்தம் பேப்பரில் வந்தது. எனக்கு நடந்ததற்கும் ஒரு தாள் இருந்தது. நமக்குச் செய்த அநியாயம் எல்லாம் எழுத்தில்தான் நடந்திருக்கிறது மகன். வாசித்துச் சொல்ல நமக்கு ஆள் இல்லாமல் போனது.

2011 ஆவணி மாதம் நினைவிருக்கிறதா? கிறீஸ் பூதம், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு ராத்திரியில் பெண்களைத் தாக்க வருகிறவன் என்ற பயம். பெண்களின் ரத்தம் எடுக்க அரசாங்கமே ஆட்களை விட்டிருக்கிறது, பிடித்துக் கொடுத்தாலும் விட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கொழுந்து பறிக்க மலைக்குப் போக ஒருத்தியும் துணியவில்லை. ஆம்பளைகள் விடிய விடிய பந்தத்தோடு காவல் நின்றீர்கள். நம் அப்புத்தளைப் பக்கத்திலேயே ஒரு தோட்டத்தில் இரண்டு பேரைப் பூதம் என்று அடித்தே கொன்றார்கள். அந்தக் கிழமைதான் நம் ஆட்களும் ஒருவரைப் பிடித்து வந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தூணில் கட்டினார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாத மனுஷன். சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட், பாதி பீடி. அன்றைக்கு நீதான் முன்னால் வந்து நின்று, "பூதத்தைக் கண்ணால் பார்த்தது யார்?" என்று கேட்டாய். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பார்த்தார்கள் என்றார்கள். அந்த இருட்டில் மேல் டிவிஷனுக்கு நடந்தே போனாய். அங்கே, கீழே நம் டிவிஷனில்தான் பார்த்ததாகச் சொன்னார்களாம். திரும்பி வந்து நீயே கட்டை அவிழ்த்துவிட்டாய். உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட நாள் அது.

இந்த வாய்ஸை உனக்கு அனுப்பியவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாயா?

நான் கேட்டேன். தாளைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு மிட்வைஃப் அம்மாவிடம் போனேன். இந்தத் தாள் தமிழிலும் இருக்கிறது. கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய் ஒரு வைரஸால் வருகிறதாம். அது உடம்பில் சேருமுன்னே, சின்ன வயசிலேயே போட்டால்தான் ஊசி காக்குமாம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 2017இலிருந்து போடுகிறார்கள். கொழும்பிலும் மாத்தறையிலும் சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான். நம்மைக் குறைக்க வந்த ஊசி என்றால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஏன் போடுகிறார்கள்? பிள்ளை பிறப்பதைத் தடுக்குமா என்று நேராகவே கேட்டேன், என் கதையையும் சொன்னேன். மிட்வைஃப் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தடுக்காது என்று பொறுமையாகச் சொன்னார். அன்றைக்கு எனக்கு இப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கும் அது வரவில்லை. அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்ததும் இதே அரசாங்கம்தான்.

உன் பெரியம்மா எதில் போனாள் என்று உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டோம். இந்தப் புற்றுநோய்தான். பதுளை ஆஸ்பத்திரிக்கும் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தோம். காட்டும்போதே பிந்திவிட்டது. கடைசி மாதம் அவள் பக்கத்தில் படுத்திருந்தவள் நான்.

அடுத்த மாதம் ஸ்கூலுக்கு வருகிறார்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். முழுவதும் வாசி. விளங்காததை மிட்வைஃப் அம்மாவிடமே கேள், நம்பர் மருமகளிடம் இருக்கிறது. நீ சொல்லாமல் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்றைக்குக் கூப்பிடு. சின்னவளும் பேச வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அம்மா