எப்போது வாரிசாக்கக் கூடாது என்றும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் வேலையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். வேலை கேட்டு வரும் பிள்ளைகளை நேர்முகம் செய்வதும் என் பொறுப்பு. நிரலில் ஒரு கிளாஸ் (வார்ப்பு) தன் தாய் கிளாஸில் எழுதியதை எல்லாம் அப்படியே பெறுவதுதான் இன்ஹெரிட்டன்ஸ் எனப்படும் மரபுரிமம். அதைப் பற்றிக் கேட்டால் ஐந்து வகையையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். "சரிப்பா, அதை எந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது?" என்றால் பதில் வருவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படிப் படித்து வந்தவள்தான்.

எங்கள் மென்பொருளில் 'ஆவணம்' என்று ஒரு கிளாஸ். அதன் பிள்ளை 'பில்'. அதற்குக் கீழே ஒன்றன் பிள்ளையாக ஒன்று: 'விற்பனை பில்', 'வரி பில்', 'ஏற்றுமதி பில்', கடைசியாக 'டாலர் பில்'. ஆக ஆறு தலைமுறை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, உள்ளூர் பில்லின் மொத்தத்தைப் பைசா இல்லாமல் முழு ரூபாயாக்கித் தரச் சொன்னார்கள். 'பில்' கிளாஸில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மேலே எழுதினால் கீழே எல்லோருக்கும் போய்ச் சேரும் என்றுதானே படித்திருந்தோம்? டாலர் பில்லுக்கும் போய்ச் சேர்ந்தது. 48,216.60 டாலர் என்றிருக்க வேண்டியது 48,217 என்று அச்சானது. எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உறுதிக் கடிதம்) தொகைக்கு மேல் இருக்கிறது என்று வங்கி காகிதங்களைத் திருப்பிவிட்டது. "சனிக்கிழமை சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்கினேம்மா" என்று அந்த முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிரவு ஆறு ஃபைலையும் திறந்து வைத்துக்கொண்டு தேடினேன். மொத்தம் போடும் ஃபங்ஷன் நான்கு இடத்தில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதைக் கூப்பிட்டது. எது எப்போது ஓடுகிறது என்று தாளில் கோடு போட்டுப் பார்த்துத்தான் புரிந்தது. பிறகு முழுமையாக்கும் விதியைத் தனிச் சின்ன கிளாஸாக எழுதி, எந்த பில்லுக்கு எது வேண்டுமோ அதைக் கையில் கொடுத்துவிட்டோம். 'டாலர் பில்' இப்போது யாருக்கும் கொள்ளுப்பேத்தி அல்ல.

ஜாவா மொழியை உருவாக்கியவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. தரவை அடுக்கி வைக்கும் ஸ்டாக் என்பது கல்யாண மண்டபத்தில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் போன்றது: வைப்பதும் மேலே, எடுப்பதும் மேலே. ஆனால் 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே ஸ்டாக்கை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸுக்குப் பிள்ளையாக்கிவிட்டார்கள். வெக்டரில் நடுவில் எதையும் செருகலாம். அந்த உரிமை ஸ்டாக்குக்கும் வந்துவிட்டது. பிரித்தால் பழைய நிரல்கள் உடையும் என்பதால் இன்றும் அப்படியே இருக்கிறது. இதை விட்டு, இரு முனையிலும் வைத்து எடுக்கும் டெக் (Deque) என்பதைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

ஆழம் எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்லவில்லை. திரையில் பட்டன், பெட்டி போன்றவற்றைக் காட்ட ஜாவாவில் உள்ள ஸ்விங் தொகுப்பின் பட்டனுக்கு மேலே ஐந்து தலைமுறை உண்டு. அதை வைத்து எத்தனையோ பேர் நல்ல மென்பொருள் எழுதினார்கள். 1994இல் சிதம்பர், கெமரர் என்ற ஆய்வாளர்கள் மரபின் ஆழத்தை ஓர் அளவுகோலாக முன்வைத்தபோதே இரு பக்கத்தையும் சொன்னார்கள்: ஆழம் கூடினால் மேலே எழுதியதை மறுபடி பயன்படுத்த வாய்ப்பு கூடும், கீழே இருப்பது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது கடினமாகும். முதல் பாதியைத்தான் வகுப்பில் கேட்டேன். இரண்டாம் பாதியை அந்த எல்.சி. கற்றுக்கொடுத்தது.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வகைகளை விளக்குக' என்ற கேள்வியை ஓராண்டு நிறுத்திவையுங்கள். பதிலாக ஆய்வகத்தில் ஸ்டாக்கை இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள்: ஒருமுறை பட்டியலின் பிள்ளையாக, இன்னொருமுறை பட்டியலைத் தனக்குள் வைத்துக்கொண்டதாக. பிறகு பக்கத்து மாணவரிடம் கொடுத்து, அந்த அடுக்கின் நடுவில் ஒரு தட்டைச் செருக முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் பொறியாளர்,
திருப்பூர்.