முதலில் அந்த ரத்த மாதிரிக் குழாய்க்குக் கணக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு ஊரில் பெண் குழந்தைக்குக் கொடுமை நடந்ததாகச் செய்தி வந்தால் எங்கள் டீக்கடையில் இந்தப் பேச்சும் தவறாமல் வந்துவிடும்: "ஆதார் எடுத்த மாதிரி எல்லார் டி.என்.ஏ.வையும் எடுத்து வெச்சிட்டா, எவன் செஞ்சாலும் ரெண்டே நாள்ல பிடிச்சிடலாமே!" அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் ஆய்வக நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

மாதிரி எடுப்பதில் எவ்வளவு பக்குவம் வேண்டும் என்பது வெளியே தெரிவதில்லை. ரத்தம் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் எடுத்தது நன்றாக உலர்ந்த பிறகுதான் காகித உறைக்குள் போக வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் கிருமி பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில், ஒரு வழக்கின் உறை மருந்து வைக்கும் ஃபிரிட்ஜிலேயே நாள் கணக்கில் கிடந்தது. வாங்கிப் போக வேண்டிய காவலர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஒட்டியிருந்த சீட்டில் ஈரம் ஏறி, குற்ற எண்ணின் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்றே தெரியவில்லை. அப்புறம் வேறொரு காவலர் வந்து வாங்கிப் போனார். இடைப்பட்ட நாட்களில் அந்த ஃபிரிட்ஜை யார் யார் திறந்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது.

எங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2011 மே மாதம் சுருளி அருவிப் பகுதியில் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குளறுபடிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஜோடியைப் பெற்றவர்களுக்கும் நீதி கிடைக்கவில்லை, தூக்குக் கைதியாக இருந்தவருக்குப் போன ஆண்டுகளும் திரும்பி வராது. அந்தத் தீர்ப்பில் நாடு முழுவதற்குமாக நீதிமன்றம் விதிகள் சொன்னது: உறையில் குற்ற எண், பிரிவு, அதிகாரி விவரம் எல்லாம் இருக்க வேண்டும். மாதிரி எடுத்ததைப் பதியும் ஆவணத்தில் மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டும். மாதிரி 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். அது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும்.

டி.என்.ஏ. பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1986-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்த கொலை வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் குற்றவாளி இல்லை என்று காட்டிக் கொடுத்ததே இந்தப் பரிசோதனைதான். ஆனால் அதே நாடு 1995-ல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் தொடங்கி, விடுதலையானவர்களின் மாதிரியையும் சேர்த்து வைத்துக்கொண்டது. அதில் ஒருவன் கைதானபோது 11 வயதுச் சிறுவன். 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்றது. பிறகு சட்டத்தைத் திருத்தி, குற்றமற்ற பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை அழித்தார்கள்.

இங்கே என்ன நிலைமை? டி.என்.ஏ. தகவல் வங்கி அமைக்க 2019-ல் மக்களவைக்கு வந்த மசோதாவை, ஒரு சாதியையோ சமூகத்தையோ குறிவைக்க இந்தத் தகவல் பயன்படலாம் என்ற அச்சம் உட்பட, நாடாளுமன்ற நிலைக்குழு அலசி அறிக்கை கொடுத்தது. 2023-ல் அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் கைதானவரிடம் உயிரியல் மாதிரி எடுக்கவும், பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் அனுமதிக்கும் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். அழித்தாகிவிட்டது என்று கூலி வேலைக்குப் போகிறவருக்கு யார் கடிதம் போடுவார்கள்?

"தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும்?" என்று கேட்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயல் கிராமத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்டது அங்குள்ள தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில். யார் கலந்தது என்று டி.என்.ஏ. பார்க்க ரத்தம் கொடுக்கச் சொன்னவர்களில் அவர்களும் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களிடமே எடுப்பதா என்று சிலர் மறுத்தபோது, விஷயம் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மாதிரி எதுவும் பொருந்தவில்லை. ஒவ்வொருவரின் பெயரையும் தேசியப் பதிவில் ஏற்றுவோம் என்று பேசும்போது, முதலில் ஏறும் பெயர்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். நள்ளிரவில் போலீஸ் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறவர்கள் யார் என்று பணிக்காலம் முழுக்கப் பார்த்தவன் நான். வசதியானவர்கள் வக்கீலோடு வருவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தப் பதிவேடு தேனி மாவட்டக் காவல் நிலையங்களில் எத்தனையில் திறக்கப்பட்டிருக்கிறது, வழக்கு மாதிரிகளை வைக்கத் தாலுகா மருத்துவமனைகளில் பூட்டோடு தனி ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று உங்கள் செய்தியாளரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
கம்பம்.