லினக்ஸ் போட்டதும் திரை கருப்பானால் கணினி கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதிலிருந்து, விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்துங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கம் உட்படப் பல இடங்களில் எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான், நானும் கேட்பவர்களிடம் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைகள் எல்லாம் பென்டிரைவில் ஏற்றுங்கள், நிறுவுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. புதிதாக வருகிறவர் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த நிமிடத்தில். விசிறிச் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு. மூலையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவியின் மடிக்கணினி இப்படித்தான் ஆனது. பழுதுபார்க்கும் ஒருவர் 'டிஸ்பிளே போச்சு, புதுசு மாத்தணும்' என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்தபோது பவர் பொத்தானை அழுத்தியவுடன் தயாரிப்பு நிறுவனத்தின் லோகோ பளிச்சென்று தெரிந்தது! திரையே போயிருந்தால் லோகோ எப்படித் தெரியும்? லோகோ வந்து, அப்புறம் கருப்பாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது திரையை அல்ல, கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருளை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்த்தோம், பயனர் பெயர் கேட்டு எழுத்துத் திரை வந்தது. உள்ளே லினக்ஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நடப்பது இதுதான். லினக்ஸில் 2009 வாக்கிலிருந்து திரையின் ரெசல்யூஷனைத் தீர்மானிக்கிற வேலையை கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியே, தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கிராபிக்ஸ் கார்டுக்கான டிரைவர் ஒத்துழைக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்குத் திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) டிரைவர்கள் கெர்னலோடே வந்துவிடுவதால் அதிகம் தொல்லை இல்லை, சிக்கல் பெரும்பாலும் என்விடியா கார்டு உள்ள கணினிகளில். அவற்றுக்கு 'நூவோ' என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது, ஆனால் அது என்விடியாவின் உதவி இல்லாமல், கார்டு எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்து ஆராய்ந்தே பெரும்பாலும் எழுதப்பட்டது. எல்லா கார்டுகளிலும் அது ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இதற்குத் தற்காலிக வழி ஒன்று உண்டு. கணினி தொடங்கும்போது 'எஸ்கேப்' விசையை, பழைய பயாஸ் கணினி என்றால் 'ஷிப்ட்' விசையை அழுத்தினால், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் 'கிரப்' பட்டியல் வரும். அதில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒட்டியே சிறிய எழுத்தில் அடித்து எஃப்10-ஐ அழுத்தினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். திரையைத் தீர்மானிக்கிற வேலையை இப்போதைக்கு விட்டுவிடு என்று கெர்னலுக்குச் சொல்வதுதான் அது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு ஆதங்கமே அங்கேதான். நோமோட்செட்டை நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டு, எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது, 1024-க்கு 768-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, வெளிச்சத்தைக் குறைக்க முடியவில்லை, புரொஜெக்டரை மாட்டினால் அடையாளம் தெரியவில்லை, வீடியோ திக்குகிறது, லினக்ஸே இப்படித்தான் என்று முடிவு கட்டி விட்டுவிடுகிறார்கள். அது கால் சரியாகும் வரை கொடுக்கிற ஊன்றுகோல். உள்ளே நுழைந்ததும் சரியான டிரைவரைப் போட வேண்டும், உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்று அதற்கென்றே தனி நிரல் இருக்கிறது. பிறகு அந்தச் சொல்லை நீக்கிவிட வேண்டும்.

டிரைவர் போட்ட பிறகும் ஒரு கண்ணி உண்டு. செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் பாதுகாப்பு, இயங்கும் கணினியில், டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்று சில நொடிகளே வந்து நிற்கும். அதில் 'என்ரோல் மோக்' (இந்த டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய் என்று பொருள்) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் 'கன்டினியூ' கொடுத்துவிட்டால் டிரைவர் கணினியில் இருந்தும் கெர்னல் அதை ஏற்றாது. நீலத் திரை என்றாலே கணினி விழுந்துவிட்டது என்று பழகிய கண்களுக்கு இது புரியாததில் வியப்பில்லை. கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

எல்லாமே டிரைவர் கோளாறும் இல்லை. மானிட்டர் தன்னால் காட்ட முடிந்த அளவுகளைக் கேபிள் வழியாகத்தான் கணினிக்குச் சொல்கிறது. நடுவில் மலிவான விஜிஏ கன்வெர்ட்டர் இருந்தால் அந்தத் தகவல் வந்து சேராமல் போகலாம், அப்போது எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை, கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

உதவி கேட்பவர்களும் 'டிஸ்பிளே வரலை' என்று மட்டும் சொல்லாமல், லோகோ வருகிறதா, கிரப் பட்டியல் வருகிறதா, கடவுச்சொல் கேட்கும் திரை வரை வருகிறதா, எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை லினக்ஸ் பற்றி எழுதும்போது, நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வெளிச்சம் கூடிக் குறைகிறதா, தூங்க வைத்து எழுப்பினால் திரை திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் 'சேஃப் கிராபிக்ஸ்' (நோமோட்செட்டோடு தொடங்கும் தேர்வு) வழியாகத்தான் உள்ளே போக முடிந்தது என்றால், நிறுவிய பிறகும் இந்த வேலை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோமோட்செட் பற்றியும் அந்த நீலத் திரை பற்றியும் ஒரு சிறிய பெட்டிச் செய்தி போடுங்கள், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் அளவில். திரை கருப்பாகிவிட்டால் இணையத்தில் தேடவும் முடியாது, கையில் இருக்கிற தாள்தான் உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்