சிங்கிள் காலத்துக்குள் அடங்காத வார்த்தை

அன்புள்ள மாலதி,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள். மூட்டுவலி அப்படியேதான். சுந்தரம் சார் இன்னும் உன் பேனாவைத் திருப்பித் தரவில்லை.

அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் தீர்ப்பு வந்ததைப் பார்த்திருப்பாய். 2024 டிசம்பரில் புகார், 2025 ஜூனில் ஆயுள், அதுவும் 30 வருஷத்துக்குக் குறையாமல். டிவியில் பட்டாசு வெடிக்காத குறை. எனக்கு என்னவோ அந்த எஃப்ஐஆர்தான் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தப் பெண்ணின் பெயரோடு அது போலீஸ் இணையதளத்திலிருந்து கசிந்த அன்று நம் பழைய ரிப்போர்ட்டர் குரூப்பிலும் வந்து விழுந்தது. நான் படித்தேன், மாலதி. ஒரு வரி விடாமல். தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். ஹைகோர்ட் அந்த எஃப்ஐஆரின் நடையையே கண்டித்தது, தப்பெல்லாம் அந்தப் பெண் மேல் என்பது போல எழுதியிருப்பதாக. இழப்பீடு 25 லட்சம்.

அதே தொகை நினைவிருக்கிறதா? பொள்ளாச்சி பாலியல் வழக்கு, 2019. எஸ்.பி. பேட்டியிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னார், சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அச்சடித்தார்கள். அப்போதும் கோர்ட் 25 லட்சம்தான் சொன்னது. அந்த ஒன்பது பேருக்கும் தண்டனை கிடைக்க ஆறு வருஷம் ஆனது. பெயர் வெளியே வர ஒரு பேட்டி போதும்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து, எஃப்ஐஆரை முழங்காலில் வைத்து வரிக்கு வரி எழுதி வருவேனே, அதுவும் கசிவுதானே! அந்த ரைட்டரின் நடைதான் மாலையில் நம் செய்தியின் நடை. 'கற்பழிப்பு'வை நீ சிவப்பு மையால் அடித்து, "யார் கற்பு சார் அழிஞ்சுது?" என்று கேட்டாய். 'பாலியல் வன்கொடுமை' என்று போட்டால் சிங்கிள் காலத்துக்குள், அந்த ஒற்றைப் பத்தித் தலைப்புக்குள், அடங்காதும்மா என்றார் சுந்தரம் சார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பவித்ரா. அவள் ஹாஸ்டல் தோழியை ஒருவன் மூன்று மாதமாகப் பின்தொடர்கிறானாம். புகார் கொடுக்கலாம் என்றால், "பேர் வெளியே வராதுன்னு உங்க அம்மாவைச் சொல்லச் சொல்லு" என்கிறாளாம். பாலியல் வன்கொடுமை வழக்கில் பெயரை வெளியிட்டால் ஜெயில் என்று சட்டப்பிரிவைச் சொன்னேன். பவித்ரா போனை வைக்காமல் சும்மாவே இருந்தாள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். அதற்குள் போனாவது பண்ணு.

உன்
சாந்தி