சனிக்கிழமை வருகிறேன் அக்கா

அக்கா,

போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்க எழுதினால் நானும் பின்வாங்க ஏலாது. நீ வீட்டில் வைத்துப் பார்க்கிற அந்த ஆச்சியின் மகனைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுதமாட்டேன், பயப்படாதே.

இனி ஒவ்வொரு சனியும் வவுனியாவிலிருந்து காலை பஸ்ஸில் மாங்குளம் வருகிறேன். ஆச்சியை நான் குளிப்பாட்டுகிறேன். நீ அன்றைக்கு முழங்காலை நீட்டிக்கொண்டு படு.

சிரிக்காதே. போன மார்கழியில் "முதியோர் இல்லத்தில் விடு, அவ எங்களுக்கு என்ன சொந்தமா?" என்று கத்தியவள்தான். ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மன்னித்துக்கொள். ஆனால் அவவை வீட்டுக்கு எடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மாவின் கட்டில் அது. அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு எப்போதும் அந்த 2009தான். போர் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம், தண்ணீர் பவுசர் வரிசை. எங்களிடம் இருந்தவை ஐந்து லீற்றர் மஞ்சள் எண்ணெய்க் கான்கள் இரண்டு. ஒன்றின் கைப்பிடி உடைந்து நீ துணி சுற்றியிருந்தாய். காலையில் போய் மத்தியானம்தான் நிரப்பினோம். திரும்பும்போது ஆச்சி தறப்பாள் கொட்டில் வாசலில் வெறும் வாளியோடு குந்தியிருந்தா. முதல் நாள் வரிசையில் உன்னைத் தள்ளி இடம் பிடித்ததும் அவதான். நீ ஒன்றும் பேசாமல் ஒரு கானை அப்படியே கவிழ்த்தாய். வாளியின் அடியில் தண்ணீர் மோதிய சத்தம் இன்னும் கேட்கிறது. எனக்குப் பதினொரு வயது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கொட்டிலுக்குள் அம்மாவுக்குக் காய்ச்சல்.

"இண்டைக்குக் குடுத்தால் நாளைக்கும் கேப்பா" என்றேன்.

"நாளைக்கும் குடுப்பம்."

கொடுத்தாய். ஒரு நாள் என்றால் பொறுத்திருப்பேன்.

விபூதிப் புதனுக்கு அடுத்த வியாழன் பூசையில் லூக்கா நற்செய்தி 9ஆம் அதிகாரம் வாசித்தார்கள். சிலுவையை நாள்தோறும் தூக்கச் சொல்வது லூக்கா மட்டும்தான். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன், அதே இடத்தில் மத்தேயுவிலும் மாற்குவிலும் 'நாள்தோறும்' இல்லை. மத்தேயுவோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன்.

நான் மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு நடந்தே போகிறவள். காலில் கொப்பளம் வந்தால் படம் எடுத்துப் போடுகிறவள். நீ மடுவுக்கு வந்து எத்தனை வருடம்? அந்த 15ஆம் தேதியும் ஆச்சிக்குக் கஞ்சிதான் காய்ச்சிக்கொண்டிருந்தாய். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி மாதாவின் சுருவத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனபோது "மாதாவும் இடம்பெயர்ந்திட்டா" என்று அம்மா அழுதா. அன்றைக்கும் நீ அழவில்லை, அடுப்பைப் பார்த்தாய்.

ஊரில் எல்லோரும் உன்னைப் புனிதை என்கிறார்கள். புனிதைக்குத் தங்கையாக இருப்பது என்ன பாடு என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ செய்த தர்மத்தில் பாதி எங்கள் வீட்டுத் தண்ணீர், அக்கா.

சரி, விடு. நாள்தோறும் என்னால் முடியாது. சனிக்கிழமை முடியும். லூக்காவிடம் நீயே கதைத்துக்கொள். பம்பர்ஸ் வாங்கி வருகிறேன், என்ன அளவு என்று சொல்லு. அப்புறம், அந்த மஞ்சள் கானை இன்னும் வைத்திருக்கிறாயாமே. நான் வரும்போது கண்ணில் படாமல் எடுத்து வை.