வட்ட மூலைக்குப் பட்டை ஒட்டுவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ரங்கூனில் நானும் உன் அம்மாவும் தம்பியும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் எழுது.

தம்பியின் போனில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சமையலறை அலமாரியை நீயே அறுத்து நீயே பூட்டினாய் என்று அவன் சொன்னபோது நம்பவில்லை. மூட்டுகளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு இடத்திலும் சந்து இல்லை. பட்டறைப் பையன்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் "மூலையெல்லாம் வட்டமாக வெட்டிவிட்டேன், பலகை விளிம்பை மூடும் பட்டையை எப்படி ஒட்டுவது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்" என்று தம்பிக்கு எழுதியிருக்கிறாயே, அதை என்னிடமே நேராகக் கேட்டால் என்ன?

உன் அம்மாவும் படத்தைப் பார்த்தாள். "எதற்கு எல்லா மூலையும் வட்டம்?" என்றாள். அழகுக்காக இருக்கும் என்றேன். கீழ்த் தட்டிலும் அப்படித்தானே இருக்கிறது என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. தை மாதத்துக்கு அப்புறம் உன்னிடம் எதுவும் கேட்பதில்லை என்றுதான் இருக்கிறோம், உனக்கே தெரியும்.

சரி, பட்டைக்கு வருகிறேன்.

பால் டப்பாவை வைத்துத்தானே வட்டம் போட்டாய்? ஆரம் ஒன்றரை அங்குலம் வரும், அது போதும். இதைவிடச் சின்னதாக இருந்தால் எந்தப் பட்டையும் முரண்டு பிடிக்கும். கடையில் 2 மி.மீ. தடிப்பில் பிளாஸ்டிக் பட்டை தருவார்கள், வாங்காதே. சூடான காற்று ஊதும் சூட்டுத் துப்பாக்கி இல்லாமல் இந்த வளைவுக்கு அது வராது. வந்தாலும் வளைந்த இடத்தில் வெளுத்துப்போய் ராத்திரியோடு ராத்திரியாக எழும்பி நிற்கும். அரை மி.மீ. வெனீர் பட்டை, அதாவது மெல்லிசாகச் சீவிய மரப் பட்டை, இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலத்தில் இருக்கிறது. உன் பலகைத் தடிப்பு 18 மி.மீ., பட்டை அகலம் 22. மிஞ்சுவதை ஒட்டிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதற்கு முன் வளைவைக் கையால் தடவிப் பார். கண்ணை நம்பாதே. ரம்பம் போன இடத்தில் சின்னச் சின்னத் தட்டையாக இருக்கும். அதை உப்புத்தாளில் தேய்த்து உருட்டாவிட்டால் பட்டை ஒட்டியதும் ஒவ்வொன்றும் வெளியே தெரியும். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள். இல்லை, அதை மாப்பிள்ளையே தேய்க்கட்டும்.

அடுத்தது பசை. இங்கேதான் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். டின்னில் வரும் மஞ்சள் பசையைத்தான் எல்லாரும் வாங்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வேலை சுலபம்தான். ஆனால் அந்த வாடை மண்டைக்கு ஏறும். அதில் இருக்கும் டொலுவீன் உடம்புக்கு ஆகாது, சில பேருக்குச் சுத்தமாக ஆகாது. பட்டறையில் நாங்கள் நான்கு பக்கமும் திறந்துவிட்டுப் பூசுவோம். உன் சமையலறையில் இருப்பது ஒரே ஜன்னல். அந்த டின்னே வீட்டுக்குள் வரக்கூடாது.

அதனால் வெள்ளைப் பசையில் செய். பட்டையின் உள்பக்கம் ஒரு தடவை பூசு. பிளைவுட் விளிம்பு பசையைக் குடித்துவிடும், அதற்கு இரண்டு தடவை. வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காயவிட்டு, அப்புறம் இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் மெதுவாக ஓட்டு. காய்ந்த பசை சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும். பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு வா. சூடு ஆறும்வரை கையை எடுக்காதே.

நேர்ப் பகுதியில் தொடங்கு, ஒருபோதும் வளைவில் தொடங்காதே. வளைவு வருமுன் பட்டையின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி, சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. அவசரப்பட்டு இழுத்தால் நார் கீறிவிடும். வளைவு மட்டும் இரண்டே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும், அதைத் தாண்டி அடுத்த நேர்ப் பகுதிவரை ஒரே துண்டாகப் போக வேண்டும். இணைப்பு சுவர்ப் பக்கம் விழட்டும். மிஞ்சினதை அரத்தால் பலகையைப் பார்த்துக் கீழ்நோக்கி மட்டும் தேய். மேலே இழுத்தால் ஒட்டினது பெயர்ந்து வரும். கடைசியில் விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் நன்றாக மழுக்கிவிடு. விரல் பட்டாலும் நெற்றி பட்டாலும் கிழிக்கக்கூடாது.

மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துச் செய். கரண்ட் இல்லையென்று கரி இஸ்திரிப் பெட்டியை எடுக்காதே. புகை வரும்.

தேக்கு விளைகிற நாட்டில் இருந்துகொண்டு பிளைவுட் வாங்கியிருக்கிறாய் என்று எனக்கு வருத்தம்தான். மூலைக்குத் தேக்குத் துண்டு பதித்து உருட்டினால் பட்டையே தேவைப்படாது. ஆனால் தேக்கில் எண்ணெய் இருக்கிறது, தின்னரால் துடைக்காமல் ஒட்டினால் பசை பிடிப்பது சந்தேகம். தின்னர் வேண்டாம். பிளைவுட்டே இருக்கட்டும். மழைக்கு முன் விளிம்பு ஒன்று விடாமல் மூடிவிடு, பின்பக்கமும் சேர்த்துத்தான். உங்கள் ஊர் மோல்மேன் மழை எங்கள் ரங்கூன் மழையைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. திறந்த விளிம்பில் ஈரம் ஏறினால் பலகை ஊதிவிடும்.

ஜன்னலைத் திறந்து வை என்று சொன்னேனா? வெள்ளைப் பசை என்றாலும் திறந்து வை.

முழுப் பலகை ஒன்று 30 கிலோ வரும். அதை நீயா தூக்கி நிறுத்தினாய்? படத்தில் மாப்பிள்ளை இல்லை. அவர் நல்லவர், குறை சொல்லவில்லை. ஆனாலும் வேலைக்குப் போய் வந்தபின் ஒரு மணி நேரம் பிடித்துக்கொடுத்தால் குறைந்தா போவார்? சின்ன வயதிலும் நீ இப்படித்தான், யாரையும் கூப்பிடமாட்டாய். தம்பிக்கு அந்தப் பிடிவாதத்தில் கால்வாசி இருந்தால் பட்டறையை அவனிடம் விட்டுவிட்டு நான் சும்மா உட்காருவேன்.

இன்னொன்று. அலமாரி மேல்பாரமாக இருக்கிறது. எல் தகடு இரண்டு வைத்திருக்கிறேன், சுவரோடு சேர்த்து இறுக்கச் சொல். பூனை ஏறித் தொங்கினாலும் சாயக்கூடாது. உங்கள் வீட்டில் பூனை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பொட்டலத்தில் உன் அம்மா மாங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறாள். நீ ஊறுகாயே தொடமாட்டாய் என்றேன், போகட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அனவரத்தா ரோட்டுக் காளி கோயிலுக்குப் போய்வருகிறாள். உன்னிடம் வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். முன்னே மாதிரி ஆற்றுக்கு இக்கரையில் மொத்தமா ஊரில் இறங்கிப் படகு ஏற வேண்டியதில்லை, 2005-இல் பாலம் வந்ததிலிருந்து பஸ் நேராக உங்கள் ஊருக்கு வருகிறது. ஒரு வார்த்தை நீ கூப்பிட்டால் போதும், எத்தனை மாதம் என்றாலும் இருப்பாள். என் சாப்பாட்டை நானும் தம்பியும் பார்த்துக்கொள்வோம்.

ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது, இடம் இல்லை. அடுத்த கடிதத்தில்.

கீழ்த் தட்டுக்குக் கதவு வேண்டும் என்றால் உயரமும் அகலமும் எழுதி அனுப்பு, மூலை உருட்டி, பட்டையும் ஒட்டியே அனுப்புகிறேன். அளவை மாப்பிள்ளை எடுக்கட்டும். நீ குனிந்து கிடக்க வேண்டாம், மேல் தட்டுக்கு ஏணியிலும் ஏற வேண்டாம்.

அன்புடன்,
அப்பா